பழைய ஜீப்புக்கு முதலில் எதை மாற்றினீர்கள்? கொழும்புப் பக்கத்து நண்பர்கள் சிலரின் பதில்கள் இவை; எழுதியவரின் ஊரும் வண்டியும் ஒவ்வொன்றின் மேலேயும்.

வெள்ளவத்தை, பஜேரோ 2.5 டீசல், 1996

நண்பர்கள் கேட்டதால் என் முட்டாள்தனத்தை வரிசைப்படி எழுதுகிறேன்.

என் வண்டி வாரத்தில் ஐந்து நாள் காலி வீதியில் கொள்ளுப்பிட்டி வரை ஊர்ந்து போகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் அம்மாவை மயூரபதி அம்மன் கோவிலுக்குக் கூட்டிப் போகிறது. மலை, காடு என்று போவது வருடத்துக்கு நான்கு தடவை, அதிகம் போனால் ஐந்து. இந்தக் கணக்கை வாங்கிய அன்றே ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் நிறையப் பணம் மிஞ்சியிருக்கும்.

நான் எழுதவில்லை. மூன்றாம் மாதமே ஹூட் ராக் (கூரைமேல் சாமான் ஏற்றும் சட்டம்) பூட்டினேன். அதன் முன்விளிம்பில் நீளமான எல்.ஈ.டி. விளக்கு ஒன்றையும் வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை, ஒரு கட்டடத்தின் நிலத்தடித் தரிப்பிடத்துக்குள் நுழையும்போது மேலே உலோகம் கீச்சிடும் சத்தம் கேட்டது. 2.1 மீற்றர் என்ற பலகையைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். அது எனக்காக எழுதியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னால் ஆறு வாகனங்கள் நிற்க, காவலாளி விசில் ஊத, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தேன். விளக்கு உடைந்துவிட்டது. ராக் பிழைத்துக்கொண்டது.

ஆனாலும் புத்தி வரவில்லை. அந்தக் கோலத்திலேயே டிசம்பர் மழையில் மீமுரேக்குப் போனோம். ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, லூல்வத்தை தாண்டி, கோர்பட்ஸ் கெப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கும் வரைக்கும் வண்டி ராஜா மாதிரிப் போனது. கிராமத்துக்கு அப்பால் வயல் ஓரமாகப் போகும் மண்பாதையில்தான் புதைந்தது. லீவரை 4எச்-இல் (நான்கு சக்கர இழுவை) போட்டேன், பிறகு 4எல்-இல் (அதிலேயே மெதுவான, வலுவான கியர்) போட்டேன். டேஷ்போர்ட்டில் முன்சக்கரங்களின் பச்சை விளக்குகள் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தன. வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது என்று நினைத்தேன்! பின்சக்கரம் இரண்டும் சேற்றை அள்ளி வீசின, முன்சக்கரம் இரண்டும் சும்மா நின்றன. கடைசியில் நெல் மூட்டை ஏற்றி வந்த ஒரு டிராக்டர் இழுத்து எடுத்தது. ஓட்டி வந்தவர் ராக்கையும் உடைந்த விளக்கையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு கூசியிருக்காது.

கொழும்புக்குத் திரும்பியதும் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு வயதான பாஸிடம் (மெக்கானிக்) காட்டினேன். பொனட்டைத் திறந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தத் தலைமுறை பஜேரோவில் முன் அச்சைப் பிணைக்கும் கிளச்சை இயக்குவது வெற்றிடம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு. அதற்கான சொலினாய்டு வால்விலிருந்து அச்சு வரைக்கும் மெல்லிய இறப்பர் குழாய்கள் ஓடுகின்றன. இருபது, முப்பது வருடச் சூட்டில் அவற்றில் வெடிப்பு விழுந்துவிடுகிறது. வெற்றிடம் கசிந்தால் கிளச் பிணையாது, விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். அவர் சில அடி குழாய் மாற்றினார். எங்கள் இருவரின் மதியச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகவில்லை. “மாத்தயா, ஃபோர் வீல் இல்லாத ஜீப்பை அலங்காரம் செய்து வைத்திருந்தீர்களே” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் செலவழிக்கத் தொடங்கினேன். ரேடியேற்றர், அதன் ஹோஸ்கள், தர்மோஸ்டாட், டைமிங் பெல்ட் ஆகியவற்றை மாற்றினேன். இந்த வண்டியின் 4டி56 எஞ்சினை வைத்திருப்பவர்களுக்குக் காரணம் தெரியும். அதிகமாகச் சூடேறினால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும், பெல்ட் அறுந்தால் வால்வு போகும். மலையில் ஏறும்போது மட்டும் இல்லை, பம்பலப்பிட்டிச் சந்தியில் நாற்பது நிமிடம் நிற்கும்போதும் அதே எஞ்சின்தான். பிறகு சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் புஷ்களும் போல் ஜொயின்ட்களும் மாற்றினேன். இவற்றுக்கு யாரும் லைக் போடமாட்டார்கள்.

அடுத்தது டயர். பழைய டயரில் பூ (வீதியைப் பிடிக்கும் வெட்டு) நன்றாக இருந்தது, அதனால் மாற்ற மனம் வரவில்லை. பக்கச்சுவரில் டொட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் படிக்கச் சொன்னார் பாஸ். 1114 என்று இருந்தது. அதாவது 2014ஆம் ஆண்டின் பதினோராவது வாரம். நகத்தால் அழுத்தினால் கல்லாக இருந்தது. ஈரத்தார் வீதியில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி ஏன் வழுக்கியது என்று அப்போதுதான் புரிந்தது. எல்லா நிலத்துக்கும் பொதுவான ஓல் டெரெய்ன் வகையில் நான்கும் புதிதாகப் போட்டேன், அளவு மட்டும் பழைய 235/75 ஆர் 15தான். மட் டெரெய்ன் போடும் ஆசை இருந்தது. தினமும் தார் வீதியில் அந்த இரைச்சலோடு போய்வர என்னால் முடியாது. சேற்றுக்காகப் பெரிய இடைவெளி விட்டு வெட்டிய பூ, மழையில் நனைந்த தாரை அவ்வளவாகப் பிடிப்பதும் இல்லை.

கல்கிசை, விட்டாரா

வெள்ளவத்தை அண்ணன் டயரோடு நிறுத்திவிட்டார். காற்றைப் பற்றி நான் சொல்கிறேன். என் செலவிலேயே மிகவும் பிரயோசனமானது ஒரு சிறிய 12 வோல்ட் கொம்பிரசரும் நம்பகமான அழுத்தமானியும்தான்.

கற்பிட்டியில், கந்தக்குழிப் பக்கம் கடற்கரை மணலில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டேன். டயரில் 32 பி.எஸ்.ஐ. இருந்தது. இரண்டு மணிநேரம் தோண்டினோம், பலகை வைத்தோம், தென்னோலை வைத்தோம், வண்டி அசையவில்லை. அந்த வழியாக வந்த மீனவர் ஒருவர், “காத்தை விடுங்க தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். 15க்கு இறக்கினேன். மெதுவாக, சத்தமே இல்லாமல் ஏறி வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காற்றைக் குறைத்தால் டயர் நிலத்தில் நீளமாகப் படிகிறது, எடை பரவுகிறது, மணல் தாங்குகிறது. வேறு வித்தை ஒன்றும் இல்லை.

ஆனால் கொம்பிரசர் கையில் இல்லாதவனுக்குக் காற்றை விட மனம் வராது. அந்த அழுத்தத்தோடு தார் வீதியில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும் என்பதால், திரும்ப அடித்தே ஆகவேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகையை வாங்காதீர்கள். என்னுடைய முதலாவது கருவி அப்படிப்பட்டதுதான், இரண்டாவது டயரிலேயே ஃபியூஸ் போய்விட்டது. பற்றரியில் நேரே கவ்வும் வகைதான் சரி.

கொலன்னாவை, மிட்சுபிஷி ஜீப், 4டிஆர்5 எஞ்சின்

எல்லோரும் மலை, மணல் என்கிறீர்கள். எனக்கு ஆஃப் ரோடு என்றால் வெள்ளம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது எங்கள் ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர். பக்கத்து வீட்டுப் பாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் இந்த ஜீப்பில்தான் மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். அன்றைக்கு நான் வீரன். மூன்று வாரம் கழித்துப் பின் அச்சில் ஊளைச் சத்தம். டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) எண்ணெயை இறக்கினால் பால் தேநீர் மாதிரி வந்தது.

ஓடிச் சூடான அச்சு திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், மூச்சுக்குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அந்த மூச்சுக்குழாயில் ஒரு நீளமான எண்ணெய் ஹோஸைப் பூட்டி எஞ்சின் அறையின் மேல்மட்டம் வரைக்கும் கொண்டுவந்து கட்டினால் போதும். கியர் பெட்டிக்கும் அப்படியே. அரை நாள் வேலை. ஸ்நோர்கெல் (எஞ்சினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் குழாய்) வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் என் மைத்துனன் இதைச் செய்யவே இல்லை. எஞ்சினுக்கு மூச்சு வாங்கிக் கொடுக்கிறான், அச்சைத் தண்ணீருக்குள் மூழ்கடிக்கிறான்.

தெஹிவளை, ஹைலக்ஸ்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. லிஃப்ட், அதாவது வண்டியின் உடலை உயர்த்துவது, பற்றி யாரும் பேசவே இல்லை, வேண்டாம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. 50 மில்லிமீற்றர் உயர்த்திய பிறகுதான் என் வண்டி ஓஹியவிலிருந்து பம்பரகந்தைப் பக்கம் இறங்கும் பாதையில் வயிறு தட்டாமல் போனது.

ஆனால் முதல் தடவை நான் செய்தது பிழை. ஷொக் அப்சோபரைக்கூட மாற்றாமல் முன் டோர்ஷன் பாரை (வில்லுக்குப் பதிலாக இருக்கும் முறுக்குத் தண்டு) மட்டும் முறுக்கி ஏற்றிவிட்டேன், காசு செலவில்லை என்று. முன்பக்கம் பலகைபோல விறைத்துவிட்டது. சக்கரம் கீழே தொங்குவதற்கு இடமே இல்லாமல் போனதால் குழியில் விழுந்தால் சக்கரம் அந்தரத்தில் நின்றது. முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜொயின்டின் இறப்பர் உறை ஆறு மாதத்தில் கிழிந்தது, டயரின் ஒரு பக்க ஓரம் தேய்ந்து கம்பி தெரிந்தது. பாதி முறுக்கைத் தளர்த்தி, ஷொக் அப்சோபரும் பின் வில்லும் சரியாகப் போட்டு, வீல் எலைன்மென்ட் பார்த்த பிறகுதான் ஓட்டக்கூடியதானது.

இழுத்து எடுக்கும் கயிற்றைப் பற்றியும் ஒரு சொல். இழுத்தால் நீளும் ஸ்நாட்ச் பட்டியைப் பின்பக்க டோ போலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) மாட்ட ஒருவர் என்னிடம் வந்தார். கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்தப் போல் முறிந்தால் பட்டியோடு சேர்ந்து துப்பாக்கிக் குண்டுபோல வரும், ஆள் செத்திருக்கிறது. செஸியில் போல்ட் போட்டு இறுக்கிய கொக்கி இருக்கவேண்டும், அதோடு பட்டியை இணைக்கும் ஷக்கிளில் 4.75 டொன் என்று தாங்கும் சுமை பொறித்திருக்கவேண்டும். ஹூட் ராக்குக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

வெள்ளவத்தை, பஜேரோ

தெஹிவளை நண்பருக்கு: லிஃப்டை எதிர்க்கவில்லை. என் வண்டியில் அதை ஏன் செய்யவில்லை என்று மட்டும் சொல்கிறேன். உடலை எவ்வளவு உயர்த்தினாலும் பின் டிஃபரென்ஷியல் இருக்கும் இடத்தில்தான் இருக்கும், அதை நிலத்திலிருந்து தூக்குவது டயர் மட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் 235/75 டயரின் விட்டம் ஏறக்குறைய 733 மில்லிமீற்றர். 31 அங்குல டயர் போட்டால் 787. வித்தியாசம் 54, அச்சின் கீழே கிடைப்பது அதில் பாதி, 27 மில்லிமீற்றர். அதற்காக ஸ்பீடோ மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 64இல் போவேன், இழுவை குறையும், டீசல் கூடும், பிரேக்குக்கும் சுமை. வருடத்துக்கு ஐந்து பயணத்துக்கு எனக்கு அது கட்டுப்படியாகாது.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போதே அம்மா கைப்பிடியைப் பிடித்து, முருகா என்று ஒரு மூச்சு விட்டுத்தான் ஏறுகிறார். இன்னும் இரண்டு அங்குலம் கூட்டினால் வெள்ளிக்கிழமை கோவிலுக்கு முச்சக்கர வண்டிதான்.

கொலன்னாவை நண்பர் சொன்ன மூச்சுக்குழாயைப் போன ஞாயிறு செய்துவிட்டேன். பழைய குழாயைக் கழற்றினால் அது கைக்குள்ளேயே பொடியாக உதிர்ந்தது. நன்றி.

ஹூட் ராக் விற்பனைக்கு இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மன்னிக்கவும். அதைக் கழற்றி மொட்டைமாடியில் வைத்தேன். அம்மா அதன்மேல் பழைய சேலை விரித்து மோர் மிளகாய் காயவைக்கிறார். காற்று கீழிருந்தும் வருவதால் ஒரு நாள் முந்தியே காய்ந்துவிடுகிறதாம்.