மறு: குறைமாத வலிமுன் பனிக்குட உடைவு – நுரையீரல் "சுருக்கம்" சரியா?

> "சவ்வு முன்கூட்டியே கிழிவதால் வரும் நுரையீரல் சுருக்கம்" என்று செவிலியர் கையேட்டில் போடலாமா? பிப்ராம் (PPROM: 37 வாரம் நிறையுமுன், வலியும் எடுக்குமுன் பனிக்குடம் உடைவது) ஆன தாய்மாரின் குழந்தைகளுக்கு வரும் மூச்சுக்கோளாறு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லாக இருந்தால் நல்லது.

வணக்கம்.

முதலில் "முன்கூட்டியே". எதற்கு முன்? ஆங்கிலத்திலும் இதே வம்புதான். ப்ரீமெச்சூர் என்று எழுதிவிட்டு, அது மாதத்தைச் சொல்லவில்லை, வலிக்கு முன் என்பதைத்தான் சொல்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது ப்ரீலேபர் என்று மாற்றிக்கொண்டார்கள். நமக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு? குறைமாதம், நிறைமாதம் இரண்டும் வீட்டுச் சொற்கள். வலி எடுக்குமுன் உடைந்தால் "வலிமுன் பனிக்குட உடைவு". 37 வாரம் நிறையாமல் இருந்தால் முன்னால் "குறைமாத" சேர்த்தால் போதும்.

"சவ்வு கிழிதல்" வேண்டாம். காதுச் சவ்வும் கிழியும். பனிக்குடம் என்றால் யாருக்கும் ஐயம் வராது.

அடுத்தது "சுருக்கம்". இதுதான் ஆபத்தான சொல். விரிந்திருந்த ஒன்று சுருங்கியது என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே நடப்பது வேறு. கருவின் நுரையீரல் தானே ஒரு நீரைச் சுரக்கிறது; அந்த நீர் உள்ளே நின்று கொடுக்கும் இழுப்பில்தான் அது வளர்கிறது. பனிக்குடம் வற்றினால் வெளியே அழுத்தம் குறைந்து, உள்ளே நிற்கவேண்டிய நீர் வடிந்துவிடும். சுமார் 16 முதல் 26 வாரம் வரை மூச்சுக்குழலின் கடைசி நுண்கிளைகளும் அவற்றைச் சுற்றி நுண் இரத்தக்குழாய்களும் உருவாகும் காலம். அந்த நேரத்தில் வாரக்கணக்கில் நீரில்லாமல் போனால் கிளைகளின் எண்ணிக்கையே குறைந்துவிடும். எனவே "நுரையீரல் வளர்குறை". 30 வாரத்தில் பனிக்குடம் உடைந்து பிறந்த குழந்தைக்கு இந்தச் சொல் பெரும்பாலும் பொருந்தாது.

அந்த 30 வாரக் குழந்தை திணறினால் முதலில் நினைக்கவேண்டியது சர்ஃபாக்டன்ட் (நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள்) பற்றாக்குறை, கூடவே தொற்று. தாய்க்கு டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒருமுறை, நான்கு ஊசி போடுவது அந்தப் பற்றாக்குறையைக் குறைக்கத்தான். உருவாகாமல் போன கிளைகளை அது உருவாக்காது. வளர்குறைக் குழந்தைக்குச் சர்ஃபாக்டன்ட் கொடுத்தும் ஆக்சிஜன் ஏறாமல் போகலாம். நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் உயர்ந்திருக்கும். அழுத்தத்தைக் கூட்டிக்கூட்டிக் காற்று செலுத்தினால் நுரையீரல் வெடித்து நெஞ்சறையில் காற்று சேர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வார்டில் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

அதனால் ஒரே சொல் வேண்டாம் என்பதே என் கருத்து.

---

> ஒரே சொல் வேண்டாம்

ஐயா, ஏற்கிறேன். ஆனால் மூன்றாவது ஒன்று விட்டுப்போயிற்று. ட்ரை லங் என்கிறார்களே, அளவில் சரியாக வளர்ந்த நுரையீரல், நீர் வடிந்ததால் ஒட்டிப்போய்க் கிடப்பது. முதல் சில மணி நேரம் உயர்ந்த அழுத்தம் கேட்கும்; ஓரிரு நாளில் சட்டென்று தெளிந்துவிடும். கையேட்டின் சொற்பட்டியலில் அதற்கு "வறள் நுரையீரல்" என்றிருக்கிறது. வறட்சி என்றால் ஈரப்பதம் ஏற்றச் சொல்வதுபோல் ஆகிவிடாதா? "ஒடுங்கிய நுரையீரல்" என்று வைக்கலாமா?

---

அம்மா, "ஒடுங்கிய" நன்றாக இருக்கிறது. ஒடுங்கியது விரியும், குறைந்தது உடனே நிறையாது. நோயின் போக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் பிறந்த முதல் மணி நேரத்தில் ஒடுக்கமா வளர்குறையா என்று கட்டிலருகே நின்று பிரித்தறிவது கடினம். நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூக்கு விடைப்பது, விலா இடுக்கு உள்வாங்குவது, மூச்சு விடும்போது முனகல், எல்லாவற்றிலும் இவை வரும். ஆகவே பிறப்பறைத் தாளில் "மூச்சுத்திணறல்" என்று மட்டும் எழுதட்டும்; எத்தனையாவது வாரத்தில் உடைந்தது, எத்தனை நாள் நீர் குறைவாக இருந்தது என்ற இரண்டு கட்டமும் பக்கத்திலேயே இருக்கட்டும். காரணப் பெயரை ஓரிரு நாள் போக்கைப் பார்த்துப் பிறகு சேர்க்கலாம்.

இன்னொன்று. தாய்மாருக்கான துண்டறிக்கையில் "உடைவு" என்று மட்டும் போடாதீர்கள். குடம் உடைந்தால் கொட்டும் என்றுதான் நினைப்பார்கள். சொட்டுச்சொட்டாகக் கசிந்தால் சிறுநீர் என்று விட்டுவிடுவார்கள். "உடைவு அல்லது கசிவு" என்றே அச்சிடுங்கள்.