நிறமும் வெட்டும் நமக்குப் பொருந்துகிறதா? வேலையில் இருப்பவர்களின் அனுபவப் பகிர்வு

தொடங்குபவர்:

"கண்ணாடியில் நன்றாக இருந்தது, வெளியே போட்டுக்கொண்டு போனால் எடுபடவில்லை" என்ற குறை பலருக்கும் உண்டு. துணி, சாயம், தையல், படம் எடுப்பது என்று இந்த வேலைகளில் இருக்கும் தோழர், தோழியரே, உங்களிடம் வருகிறவர்களிடம் எதைக் கவனிக்கிறீர்கள், எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று அளவோடு எழுதுங்கள். பிடித்த நிறங்களின் பட்டியல் வேண்டாம்.

ஆடை விற்பனையில் இருப்பவர்:

துணியை மேலே வைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் துணியையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முகத்தை. அதிலும் மூன்று இடங்கள்: கண்ணுக்குக் கீழே உள்ள நிழல், மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு, தாடையின் அடிப்பக்கம். பொருந்தாத நிறம் கழுத்தருகே வந்ததும் இந்த மூன்றும் ஒரு படி கறுக்கும், அல்லது பழுப்பேறும். பொருந்துகிற நிறம் வந்தால் தாடைக்கோடு தெளிவாகும், கண்ணின் வெள்ளை வெளுப்பாகத் தெரியும்.

காரணம் எளிது. துணியில் பட்ட வெளிச்சம் திரும்பிப்போய்த் தாடைக்கு அடியில் விழுகிறது. வெளிர் நிறம் நிழலுக்குள் ஒளியைத் தள்ளும். கறுப்பு அநேகமாக ஒன்றும் திருப்பித் தராது, ஆகவே கண்ணடி நிழல் ஆழமாகும். மஞ்சள் கலந்த பச்சை அதே சாயலைத் தாடையில் பூசும்.

சோதிக்கும் முறை இது. பகலில் ஜன்னலுக்கு எதிரே முகம் இருக்கும்படி நில்லுங்கள், முதுகு அல்ல. நேர் வெயில் கூடாது. மேக்கப் இல்லாமல், முடியைப் பின்னால் கட்டி, போட்டிருக்கும் உடையை வெள்ளை அல்லது சாம்பல் துணியால் மூடுங்கள். பிறகு ஒரே நிறத்தின் இரண்டு சாயல்களை மாற்றி மாற்றி வையுங்கள்: நீலம் கலந்த சிவப்பும் ஆரஞ்சு கலந்த சிவப்பும், பளீர் வெள்ளையும் சந்தன வெள்ளையும். சிவப்பையும் பச்சையையும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது, ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். ஒரு நிறத்தைப் பத்து விநாடிக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் களைத்து, அடுத்த துணி எதிர்நிறச் சாயலோடு தெரியும். நடுவில் ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

எந்த நிறம் பொருந்தும் என்று அறிய, மணிக்கட்டு நரம்பு நீலமா பச்சையா என்று பார்க்கச் சொல்கிறார்களே, அதை நம்பி வருகிறவர்கள் நிறைய. அடர்ந்த நிறமுள்ள தோலில் நரம்பே தெளிவாகத் தெரிவதில்லை. தெரிந்தாலும் அறை விளக்கு மாறினால் நரம்பின் சாயலும் மாறுகிறது. கழுத்தருகே துணியை வைத்துப் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

சாயத்தொழிலில் இருப்பவர்:

ஜன்னல் வெளிச்சம் என்று சொன்னதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு துணிகள் ஒரு விளக்கில் ஒன்றுபோல் இருந்து, வேறு விளக்கில் பிரிந்து தெரிவது எங்கள் வேலையில் தினசரி விஷயம். ஒரே நிறத்தை வெவ்வேறு சாயக் கலவைகளில் எட்டலாம், ஒவ்வொரு கலவையும் ஒளியை வேறு விதமாக உறிஞ்சும். கறுப்பில்தான் இது அதிகம் மாட்டும். கடைக்குள் ஒத்துப்போன கறுப்பு மேல்சட்டையும் கறுப்பு பேன்ட்டும் வெயிலில் ஒன்று பழுப்பாகவும் ஒன்று பச்சையாகவும் சாயும். தனித்தனியாக வாங்கிய இரண்டு கறுப்புகளை ஜோடி சேர்ப்பதைவிட, கறுப்போடு சாம்பலோ கருநீலமோ போடுவது பாதுகாப்பு. வீட்டில் சோதனைக்கு விளக்கு வேண்டுமென்றால் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல், ஒளியின் சாயல் 5000 கெல்வினை ஒட்டி உள்ளதாக வாங்குங்கள். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீலங்கள் மங்கும், கருநீலமும் கறுப்பும் பிரித்தறிய முடியாது.

அடுத்தது வெள்ளை. பளீர் வெள்ளைத் துணியில் வெண்மையூட்டி ஏற்றியிருப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். வெயிலில் அந்தச் சட்டை நீலம் கலந்து ஜொலிக்கும், பக்கத்தில் இருக்கும் பற்களும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகிவிடும். பல எல்.இ.டி. விளக்குகளில் புற ஊதா மிகக் குறைவு, ஆகவே கடைக்குள் இந்தக் கோளாறு தெரியாது. பளீர் வெள்ளை முகத்தை அடிப்பதாகத் தோன்றினால் சாயமேற்றாத இயற்கை வெள்ளைப் பருத்தியைப் போட்டுப் பாருங்கள். சலவைத்தூள் பலவற்றிலும் வெண்மையூட்டி இருக்கிறது. தந்த நிறம், வெளிர் இளஞ்சிவப்பு போன்றவற்றை அதில் துவைத்துக்கொண்டே வந்தால் நீங்கள் தேடிப்பிடித்த சாயல் சத்தமில்லாமல் மாறிப்போகும்.

நிறம் பக்கத்து நிறத்தை மாற்றுவதும் உண்டு. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை மேற்பார்த்த வேதியியலாளர் மிஷேல் எழேன் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுக்கின்றன என்று அவர் கண்டறிந்தார். அந்த ஆய்வை 1839-ல் நூலாக வெளியிட்டார். முகத்துக்கும் இதே விதிதான். கன்னத்தில் சிவப்புத் திட்டுகள் உள்ளவர் அடர்பச்சைக் கழுத்துப்பட்டி போட்டால் திட்டு இன்னும் சிவக்கும். அதே பச்சையைச் சற்று மங்கலாக, சாம்பல் கலந்து எடுத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

இன்னொன்று: கைக்குட்டை அளவுத் துண்டில் பார்த்த நிறம் முழு உடையாக வரும்போது கூடுதல் பளிச்சென்று தெரியும். சாம்பிளில் "கொஞ்சம் மங்கலோ" என்று தயங்க வைக்கும் சாயல், உடையாகும்போது பெரும்பாலும் சரியாக அமையும்.

படம் எடுப்பவர்:

மஞ்சள் பக்கம் சாயும் சூடான சாயல், நீலம் பக்கம் சாயும் குளிர்ந்த சாயல் என்று எல்லோரும் பேசுகிறார்கள். படத்தில் அதைவிட முந்திக்கொண்டு தெரிவது வெளிர்ப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள இடைவெளி. ஜன்னலருகே எடுத்த முகப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். முடி, புருவம், கண், தோல் ஆகியவற்றுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிய சாம்பலாக இருந்தால் வெள்ளைமேல் கறுப்புக் கட்டம் போட்ட சட்டை முகத்தை விழுங்கிவிடும். அடுத்தடுத்த சாயல்களில் அமைந்த உடை நன்றாக நிற்கும். முடிக்கும் தோலுக்கும் பெரிய இடைவெளி உள்ளவருக்கு நேர்மாறு, மங்கலான ஒற்றை நிறம் சோர்வாகக் காட்டும். முடி நரைக்கும்போதும் சாயம் பூசும்போதும் இந்த இடைவெளி மாறுகிறது. தடித்த கறுப்பு மூக்குக்கண்ணாடி அதைக் கூட்டும். பத்து வருடத்துக்கு முன் பொருந்திய நிறம் இப்போது எடுபடாததற்கு உடம்பு காரணமாக இருக்க வேண்டியதில்லை.

கைபேசி கேமரா தானாக வெள்ளையைச் சரிசெய்யும் என்பதால் நிறச் சோதனைக்கு அதை அப்படியே நம்பாதீர்கள். படத்துக்குள் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். இரண்டு படங்களிலும் தாள் ஒன்றுபோல் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். வீடியோ அழைப்புக்கு முழு வெள்ளைச் சட்டை வேண்டாம். கேமரா மொத்தக் காட்சியையும் இருட்டாக்கி முகத்தைக் கறுக்க வைக்கும். மிக நெருக்கமான மெல்லிய கோடுகள் திரையில் அலையலையாக நெளியும்.

புதிதாக வந்தவர்:

எனக்கு ஆரஞ்சு ரொம்பப் பிடிக்கும், முகத்துக்கு ஒத்துவரவில்லை. விட்டுவிட வேண்டியதுதானா?

ஆடை விற்பனையில் இருப்பவர்:

விட வேண்டாம்மா. மேலே சொன்னதெல்லாம் கழுத்திலிருந்து ஒரு சாண் வரைக்கும்தான். ஆரஞ்சை இடுப்புக்குக் கீழே கொண்டுபோங்கள், ஸ்கர்ட்டோ பேன்ட்டோ. மேல்சட்டையாகவே வேண்டுமென்றால் கழுத்து ஆழமான வி வடிவத்தில் எடுங்கள், தாடைக்கும் துணிக்கும் நடுவே தோல் வந்துவிடும். இல்லையென்றால் பொருந்தும் நிறத்தில் ஒரு ஸ்கார்ஃப் சுற்றினால் போதும்.

கட்டிங் மாஸ்டர்:

நிறத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் வெட்டுக்கு வருகிறேன்.

ரெடிமேட் எடுக்கும்போது முதலில் தோள். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோள் முனையில் ஒரு சின்னக் குழி விழும். சட்டைக்கையை ஏற்றிய தையல் அந்த இடத்தில் நிற்க வேண்டும். அரை இன்ச் வெளியே இறங்கினாலே கை கனத்துத் தெரியும். உள்ளே ஏறினால் கையைத் தூக்கும்போது மொத்தச் சட்டையும் கூடவே எழும்பும். தோளை இறக்கித் தைப்பதே அந்த மாடல் என்றால் இது பொருந்தாது. தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையைப் பிரித்து, கைக்குழியைத் திரும்ப வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். இடுப்பைப் பிடிப்பதற்குப் பக்கத்துக்கு ஒரு தையல் போதும். அதனால் தோளுக்கும், உடம்பில் எது அகலமோ அதற்கும் சரியாக இருப்பதை வாங்கி மற்றதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிதாக்கச் சொல்லி வருகிறவர்களிடம் முதலில் உடையைப் புரட்டித்தான் பார்ப்பேன். உள்ளே விட்ட துணி கால் இன்ச்தான் என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சுருக்கத்தைப் படிக்கப் பழகுங்கள். குறுக்கே ஓடும் சுருக்கம் இறுக்கம், அது எங்கே தொடங்குகிறதோ அங்கே துணி போதவில்லை. நெடுக்காகத் தொங்கும் மடிப்பு என்றால் துணி மிச்சம். கைக்குழியிலிருந்து மார்பு நோக்கிச் சாய்வாக இழுத்தால் அங்கே டாட் (துணியைக் கூம்பாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) வேண்டும், அல்லது இருக்கும் டாட் போதவில்லை. டாட் முனை மார்பு முனைக்கு ஒரு இன்ச் முன்னாலேயே நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் கூராகத் துருத்தும். பேன்ட்டில் முன்பக்கம் கவட்டையிலிருந்து விசிறியாகக் கோடு விரிந்தால் சீட்டில், அதாவது பிட்டப் பகுதியில், துணி பத்தவில்லை. பின்பக்கம் சீட்டுக்குக் கீழே துணி மடிந்து தொங்கினால் பின்னுயரம் அதிகம். அங்கே இடுப்பை இறுக்கிப் பயனில்லை.

நெய்த துணியில் உடலோடு ஒட்டிய மேல்சட்டைக்கு மார்பில் 2 முதல் 4 இன்ச், இடுப்பில் 1 முதல் 2 இன்ச், சீட்டில் 2 முதல் 3 இன்ச் லூஸ் வேண்டும். டேப் இல்லாவிட்டால் மார்பின் இரு பக்கமும் துணியைக் கிள்ளிப் பாருங்கள்: மடிப்பு அரை இன்ச்சிலிருந்து ஒரு இன்ச் ஆழம் வரை வந்தால் சரி. பனியன் துணிக்கு லூஸே வேண்டாம். போட்டதும் உட்காருங்கள், கைகளை முன்னால் நீட்டுங்கள். பட்டன்களுக்கு நடுவே வாய் பிளந்தால், நின்ற நிலையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உயரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உடையின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே ஒரு குறுக்குக் கோடு விழுகிறது, கண் அந்த இடத்தின் அகலத்தைத்தான் அளக்கும். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் முடியும் ஸ்கர்ட் காலைத் தடிமனாக்கும். இரண்டு இன்ச் ஏற்றி முழங்காலுக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தாலோ, இறக்கிக் கணுக்காலுக்கு மேலே மெலிந்த இடத்தில் விட்டாலோ அதே காலே வேறாகத் தெரியும். கை நீளமும் அப்படித்தான்: மார்பு மட்டத்தில் முடியும் அரைக்கை, மார்பையும் சேர்த்து அகலமாக்கும். மேல்சட்டை சீட்டின் அகலமான இடத்தில் முடியக் கூடாது.

மேல் கீழ் பங்கும் முக்கியம். தோளிலிருந்து கணுக்கால் வரை 48 இன்ச் உள்ளவர் 24-ல் முடியும் மேல்சட்டை போட்டால் ஆள் இரண்டு சம துண்டாகிவிடுவார். 16-ல், அதாவது இடுப்பருகே முடித்தால் கால் நீளமாகத் தெரியும். உயரம் குறைந்தவர்கள் மேலும் கீழும் ஒரே அடர்த்தி உள்ள நிறங்களைப் போட்டால் அந்த வெட்டுக்கோடே தெரியாது.

வயிற்றை மறைக்க மெல்லிய, தளர்ந்த பனியன் துணி கேட்பவர்கள் உண்டு. சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள துணி ஒவ்வொரு மேட்டையும் ஒட்டி வரைந்து காட்டும். 280 கிராமுக்கு மேல் உள்ள இரட்டைப் பின்னல் துணி அதே அளவில் வழவழப்பாகக் கடந்து போகும். பளபளக்கும் சாட்டினும் இப்படித்தான், மேட்டில் ஒளிக்கீற்று, பள்ளத்தில் நிழல். வழிந்து விழும் துணி வேண்டும், பளபளப்பு வேண்டாம் என்றால் க்ரேப். துணியைச் சாய்வாக வைத்து வெட்டும் கிராஸ் கட் கவுன் உடம்பில் அழகாக இறங்கும், 1920-களில் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே இதைக் கொண்டே பெயர் பெற்றார். ஆனால் 45 பாகையில் வெட்டிய துணி தன் எடையிலேயே நீளும், அதுவும் ஒரு பக்கம் அதிகமாக. தைத்ததும் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு அதன்பிறகு ஓரம் மடிக்க வேண்டும். அவசரப்பட்டு மடித்தால் இரண்டாம் முறை போடும்போதே விளிம்பு கோணலாகியிருக்கும்.

சாயத்தொழிலில் இருப்பவர்:

மாஸ்டர், குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்பது உண்மையா?

கட்டிங் மாஸ்டர்:

விளிம்பில் விழும் ஒற்றைக் கோடு வேறு, உடை முழுக்க ஓடும் கோடுகள் வேறு. குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகத் தெரியும் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்சனும் உடன் ஆய்வாளரும் பெண் உருவப் படங்களில் அதைச் சோதித்து, குறுக்குக் கோடு அகலமாக்குவதில்லை என்று 2011-ல் வெளியிட்டார்கள். வெட்டுமேசையில் நான் பார்ப்பது வேறு ஒன்று: கோடு நேராக நிற்கிறதா, வளைகிறதா? மார்பின் மேல் நெடுக்குக் கோடு வெளியே பிதுங்கி மறுபடி உள்ளே வந்தால், அது மெலிய வைக்காது, வளைவைத்தான் காட்டிக்கொடுக்கும். லூஸ் போதுமான உடையில் எந்தக் கோடும் உறுத்தாது.

பூப்போட்ட துணிக்கு, உங்கள் மூடிய கையைவிடப் பெரிய பூ வேண்டாம். எடுக்கும்முன் மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்; பொடிப் பூக்கள் கலந்து ஒரே நிறமாகத் தெரியும், முகத்தருகே வேலை செய்யப்போவது அந்தக் கலவை நிறம்தான். பெரிய பூ என்றால் வெட்டும்போதே மார்பு முனைகளில் பூவின் நடு வராமல் மூன்று நான்கு இன்ச் நகர்த்த வேண்டும். அதற்கு, பூ வடிவம் ஒரு முறை முழுதாக வந்து திரும்பத் தொடங்கும் நீளம் அளவுக்குத் துணி கூடுதலாக எடுத்து வாருங்கள். சுற்றிக் கட்டும் கவுனுக்குப் பூத்துணி எடுப்பவர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறும் பகுதி சீட்டில் குறைந்தது 8 இன்ச் இருக்கும்படி கேளுங்கள், உட்காரும்போது பிரியாது. மார்பில் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் ஒரு பிரஸ் பட்டன் உள்பக்கமாக வைத்துத் தரச் சொல்லுங்கள்.