மறு: எஸ்டாப்ளிஷ்மெண்ட்டை எதிர்க்கும் பணக்காரத் தலைவர்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

எஸ்டாப்ளிஷ்மெண்ட் என்கிற நிலைத்த அதிகார வட்டத்தை எதிர்த்து ஜனங்களிடம் ஓட்டு வாங்கும் பணக்காரத் தலைவருக்குத் தமிழில் சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. பதில் சொல்ல வேண்டிய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டேன்.

> ‘ஜனரஞ்சகத் தலைவர்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு ஐயா?

வழக்கில் இருப்பது உண்மைதான். ஆனால் ரஞ்சகம் என்றதும் சினிமாவும் வாரப் பத்திரிகையும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘கவர்ச்சி அரசியல்’ என்றாலும் அதே கதை. தலைவர் மயக்குகிறார், ஜனங்கள் மயங்குகிறார்கள். ஏன் ஓட்டுப் போட்டார்கள் என்று நாம் கேட்கத் தொடங்குமுன்பே, ஏமாந்து போட்டார்கள் என்று சொல் முந்திக்கொள்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

டிரம்ப்பையும் இத்தாலியின் பெர்லுஸ்கோனியையும் எல்லாரும் போதுமான அளவு பேசிவிட்டீர்கள். நான் தாய்லாந்தின் தக்சின் ஷினவத்ராவை எடுத்துக்கொள்கிறேன். எந்தச் சொல்லை முன்வைத்தாலும் அது இவருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

போலீஸ் அதிகாரியாக இருந்தவர். அந்தத் துறைக்கே கணினி கொடுத்துத் தொழில் தொடங்கினார். 1990-இல் கைப்பேசிச் சேவை நடத்த அரசு உரிமம் கிடைத்தது, கோடீஸ்வரர் ஆனார். அப்பா சியாங் மாயின் எம்.பி.யாக இருந்தவர். இவரும் தொண்ணூறுகளின் நடுவிலேயே வெளியுறவு அமைச்சர், துணைப் பிரதமர் எல்லாம் பார்த்துவிட்டார். ஆக, ‘வெளியாள்’ என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

> ஏழை வேடம் போட்டு ஏழைகளை ஏமாற்றுகிறவர் என்பதால் ‘வேடத் தலைவர்’ எனலாமே?

தக்சின் ஏழை வேடம் போடவே இல்லை. 2000 டிசம்பர் கடைசியில் ஊழல் தடுப்பு ஆணையம், அவர் சொத்துக் கணக்கை மறைத்ததாகத் தீர்மானித்தது. வீட்டு வேலைக்காரி பேரிலும் டிரைவர் பேரிலும் பெருமளவு பங்குகள் இருந்தன. செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அடுத்த இரண்டே வாரத்தில், 2001 ஜனவரியில் தேர்தல். அவருடைய தாய் ராக் தாய் கட்சிக்கு 500-இல் 248 இடம். அதே ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் 8-க்கு 7 என்று அவரை விடுவித்தது, அது வேறு கதை. ஓட்டுப் போட்டவர்களுக்கு ஆள் யார் என்று நன்றாகவே தெரியும். ‘ஏற்கெனவே பணக்காரன், இவன் திருட வேண்டிய அவசியம் இல்லை’ என்பது அங்கே சாதாரணமாகப் புழங்கிய பேச்சு.

அந்தக் கணக்கு தப்பு என்பது 2006 ஜனவரியில் தெரிந்தது. குடும்ப நிறுவனத்தின் பங்குகளை சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்குக்கு 7,300 கோடி பாட் (தாய்லாந்து நாணயம்) விலைக்கு விற்றார்கள், வரி ஒரு பாட் கூடக் கட்டவில்லை. பாங்காக் நடுத்தர வர்க்கம் கொதித்துத் தெருவுக்கு வந்தது. வடக்கும், ஈசான் எனப்படும் வடகிழக்கும் அசையவில்லை. இங்கேதான் நம் சொல் எதையாவது விளக்கியாக வேண்டும்.

ஏன் அசையவில்லை? 30 பாட் திட்டத்தைப் பாருங்கள். அதற்கு முன் ஈசானில் ஒரு விவசாயக் குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் மாட்டை விற்க வேண்டும், இல்லையேல் நிலத்தை அடகு வைக்க வேண்டும். 2001-க்குப் பிறகு கையில் ஓர் அட்டை. தெருக்கடையில் ஒருவேளைச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்தால் அரசு மருத்துவமனையில் வைத்தியம். இதை வகுத்தவர்கள் வருஷக்கணக்காக இதற்கே பாடுபட்ட பொதுச்சுகாதார மருத்துவர்கள். எழுபதாயிரத்துச் சொச்சம் கிராமங்களுக்குத் தலா பத்து லட்சம் பாட் கடன் நிதி, மூன்றாண்டு விவசாயக் கடன் ஒத்திவைப்பு, இவை வேறு. முந்தைய அரசு 1997 நெருக்கடிக்குப் பின் ஐ.எம்.எஃப். நிபந்தனைகளை நிறைவேற்றிக்கொண்டிருந்த ஞாபகமும் பசுமையாக இருந்தது. சொன்னதைச் செய்த முதல் அரசு என்று ஒருவர் கணக்குப் போட்டால் அதை மயக்கம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. பாங்காக்கில் டாக்ஸி ஓட்டுகிறவர், கட்டட வேலை செய்கிறவர் பலருக்கும் குடும்பப் பதிவு சொந்த ஊரில்தான். தேர்தலுக்கு பஸ் பிடித்து ஊருக்குப் போய் ஓட்டுப் போடுகிறவர்கள் பலர். நகரத்தில் பத்து, இருபது வருஷம் இருந்தாலும் கணக்கில் அவர் கிராமத்தான். கிராமம் அரசைத் தேர்ந்தெடுக்கும், பாங்காக் கவிழ்க்கும் என்பது தாய்லாந்து அரசியலில் பழகிப்போன பேச்சு. 2006 செப்டம்பர் 19 ராணுவப் புரட்சியில் அது எழுத்துக்கு எழுத்து நடந்தது.

அதற்கப்புறம் தக்சினை ஆதரித்துப் போராடிய செஞ்சட்டைக்காரர்களை எதிர்த்தரப்பு ‘சிவப்பு எருமைகள்’ என்றது. அங்கேயும் எருமை என்றால் மடையன்தான், நமக்கு விளக்கம் தேவையில்லை. அவர்களோ 2010-இல் ‘ப்ரை’ என்று அச்சிட்ட டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பாங்காக் நடுவில் உட்கார்ந்தார்கள். பழைய சயாமில் பிரபுவுக்கு வேலை செய்யக் கட்டுண்ட குடியானவன்தான் ப்ரை. எதிரிக்கு வைத்த பேர் ‘அம்மாட்’: ராணுவம், நீதிமன்றம், அரசவை, மூத்த அதிகாரிகள் எல்லாம் அதில் அடக்கம். நம் ‘அமாத்தியர்’ என்ற அதே வடசொல்தான் அது. எஸ்டாப்ளிஷ்மெண்ட்டுக்கு நாம் ‘நிறுவனம்’ என்று எழுதி கம்பெனியோடு குழப்பிக்கொண்டிருக்கும்போது அவர்கள் கச்சிதமாகப் பிடித்துவிட்டார்கள்.

என் முன்மொழிவு இதுதான். தொல்காப்பியத்தில், மதில் முற்றுகையைச் சொல்லும் உழிஞைத் திணையில் கோட்டைக்குள் இருப்பவன் அகத்தோன், வளைத்து நிற்பவன் புறத்தோன். இருவரும் அரசர்களே. யானை, படை, செல்வம் இருவருக்கும் உண்டு, நிற்கிற இடம்தான் வேறு. எஸ்டாப்ளிஷ்மெண்ட் என்பதற்கு *அகத்தோர்*. எதிர்த்து வரும் பணக்காரத் தலைவருக்கு *புறத்தோர்*. ‘நம்மில் ஒருவர்’ என்று நினைத்து ஜனங்கள் அவர் பின்னால் போகவில்லை. இந்த மதிலை இடிக்க நம்மிடம் ஏது, இவரிடம் இருக்கிறது என்றுதான் போகிறார்கள். டி.வி. இருக்கிறது, கட்சி நடத்தப் பணம் இருக்கிறது, வழக்கைத் தாங்க வக்கீல்கள் இருக்கிறார்கள். பணக்காரர் என்பது அவருக்குத் தடை இல்லை, தகுதியே அதுதான்.

அன்புடன்.

———

ஐயா, வணக்கம்.

‘அகத்தோர்’ எனக்குச் சம்மதம். ‘புறத்தோர்’ வேண்டாம். இன்று அதைப் படிக்கிறவர் அயலார், வெளியூரார் என்றுதான் எடுத்துக்கொள்வார். புறம் என்ற சொல்லோடு ‘புறந்தள்ளு’, ‘புறங்கூறு’ எல்லாம் சேர்ந்து வரும்.

இதைவிடப் பெரிய தயக்கம் எனக்கு உண்டு. உழிஞை பாடாண் வாசனை, அதாவது புகழ்ச்சி வாசனை, அடிக்கிற திணை. தக்சின் ஆட்சியில் 2003-இல் நடந்த போதைப்பொருள் ஒழிப்பில் 2,500-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகப் பரவலாகச் சொல்கிறார்கள். அது ஜனங்களிடம் செல்வாக்கான நடவடிக்கை என்பதையும் மறைக்கக் கூடாது. 2004 அக்டோபரில் தென் தாய்லாந்தின் தாக் பாயில் கைதான முஸ்லிம்களை ராணுவ லாரிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கியதில் 78 பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள். 30 பாட் அட்டையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை விட்டுவிட்டீர்கள். மதில் இடிந்தபோது உள்ளே இருந்த எளியவர்களும் செத்தார்கள்.

அப்புறம் 2023. அவர் கட்சி தேர்தலில் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. முதலில் வந்த மூவ் ஃபார்வர்ட் கட்சியை விட்டுவிட்டு ராணுவத்தோடு ஒட்டிய கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தது. பதினைந்து வருஷம் வெளிநாட்டில் இருந்தவர், கட்சியின் பிரதமர் தேர்வான அதே ஆகஸ்ட் 22 அன்று விமானத்தில் வந்து இறங்கினார். இப்போது அவர் அகமா, புறமா?

———

அம்மா, தாக் பாய் பற்றிச் சொன்னது சரி. சொல் பாராட்டாக ஒலிக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் 2023 கேள்வி இந்தச் சோடிக்குச் சாதகமானது. அகம், புறம் இரண்டும் இடப்பெயர்கள், குணப்பெயர்கள் அல்ல. மதிலுக்குள் போனவுடன் புறத்தோன் அகத்தோன் ஆகிவிடுகிறான். ‘வேடத் தலைவர்’ என்று பேர் வைத்திருந்தால் அவர் முதலிலிருந்தே பொய் என்று ஆகியிருக்கும். வாக்காளர்கள் அப்படிப் பார்க்கவில்லை. ராணுவக் கட்சிகளோடு பேரம் முடிவதற்குள்ளேயே, அந்த மே மாதத் தேர்தலிலேயே, சியாங் மாயின் பெரும்பாலான தொகுதிகள் அவர் கட்சியை விட்டு மூவ் ஃபார்வர்டுக்குப் போய்விட்டன. அவர் சொந்த ஊர் அது.

‘புறத்தோர்’ அயலார் ஆகிவிடும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பேப்பரில் தினமும் வருகிற ‘கலெக்டர் ஆபீஸ் முற்றுகை’யிலிருந்து எடுக்கலாமா? *முற்றுகைச் செல்வர்.* வளைத்து நிற்பது, பணம் இருப்பது இரண்டும் வந்துவிடுகின்றன, புலமை வாசனையும் குறைகிறது.

———

எல்லாருக்கும் வணக்கம். ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை.

‘செல்வர்’ ரொம்ப மரியாதை. கல்விச் செல்வர், அருட்செல்வர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘முற்றுகைக் கோடீஸ்வரர்’ என்றால் சிரிப்பு வருகிறது, பரவாயில்லை, ஆனால் வினை, பெயரடை எதுவும் அதிலிருந்து கிளைக்காது. ‘முற்றுகைத் தனவான்’? ‘தனவான்’ என்பதில் பாராட்டும் இல்லை, வசையும் இல்லை. தனவான் முற்றுகை என்று திருப்பிப் போட்டால் அந்த அரசியலுக்கும் பெயர் கிடைக்கிறது.

———

தனவான் நன்றாக இருக்கிறது. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: எஸ்டாப்ளிஷ்மெண்ட் – அகத்தோர், அதை எதிர்க்கும் பணக்கார மக்கள்வாதத் தலைவர் – முற்றுகைத் தனவான், பன்மை முற்றுகைத் தனவான்கள். ‘தனவந்தர்’தான் வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ‘ஜனரஞ்சக’த்தை அடைப்புக்குறியில் ஒரு வருஷம் விட்டுவைப்போம், தேடுகிறவர்கள் அதைப் போட்டுத்தான் தேடுவார்கள்.