முகப்பட ‘ரீடச்சிங்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஒளிப்படப் பட்டயப் படிப்பின் பாடநூலைத் தமிழாக்கி வருகிறேன். ‘ரீடச்சிங்’, அதாவது எடுத்த முகப்படத்தைத் திருத்திச் சீர்செய்யும் பாடத்தில் வேலை வந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பாடத்தின் சாரம்: பருவும் கீறலும் தானாகப் போகிறவை, எடுக்கலாம். மச்சமும் தழும்பும் அந்த ஆளுக்கே உரியவை, கேட்காமல் தொடக்கூடாது. தோலின் துளைகள் மறையக்கூடாது. கண்ணின் வெள்ளையை அளவுக்கு மேல் வெளுக்கக்கூடாது.

‘மெருகேற்றல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

---

> ‘மெருகேற்றல்’ என்று போட்டிருக்கிறேன்

வேண்டாம் அம்மா. மெருகு என்றால் பளபளப்பு. நெற்றியிலும் மூக்கிலும் விழும் பளபளப்பைத்தான் நாங்கள் முதலில் குறைப்போம். இந்தச் சொல்லைப் படிக்கும் பையன் தோலை வழவழவென்று தேய்த்து, பிளாஸ்டிக் பொம்மை ஆக்கிவிடுவான்.

ஸ்டுடியோவில் ‘டச்சிங்’ என்போம். நெகட்டிவ் காலத்திலிருந்தே அதுதான் பேச்சு. நெகட்டிவுக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து, மருந்து தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்போம். பிரிண்டில் கறுப்பாக விழும் சுருக்கம் நெகட்டிவில் வெளிறி இருக்கும். அங்கே பென்சில் கரி ஏறினால் பிரிண்டில் சுருக்கம் இளகும். முழுக்க அடைத்தால் முகமே வேறாகிவிடும். கைப்பக்குவம் எல்லாம் எங்கே நிறுத்துவது என்பதில்தான். ‘டச்சிங்’ என்றே போடுங்கள்.

---

ஐயா, தொழில் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பாடநூலுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும். ‘மறுதொடல்’ பொருந்தாதா?

---

‘மறுதொடல்’ ஆங்கிலத்தின் நிழல். அதைவிட, ‘மறு’ என்றாலே களங்கம் என்றும் பொருள். ‘மறுவுண்டோ மாதர் முகத்து’ என்பது குறள் (1117). மதிக்கு மறு உண்டு, இவள் முகத்துக்கு இல்லை என்கிறான் தலைவன். ஆகவே ‘மறுநீக்கம்’ என்க.

இன்னொரு வழியும் உண்டு. நெடுநல்வாடையில், தலைவனைப் பிரிந்து அணிகலன் நீத்திருக்கும் அரசியைப் ‘புனையா ஓவியம்’ போன்றவள் என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாத கோட்டுருவம் அது. புனையாதது மூலப்படம் என்றால், கைவைத்தது ‘புனைபடம்’. ‘புனையா ஓவியம்’ என்ற தொடர் மணிமேகலையிலும் வரும். சித்தன்னவாசலில் வண்ணம் உதிர்ந்த இடங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

---

புலவர் ஐயா, மச்சமும் மறுதானே? நாங்கள் விட்டுவைக்கச் சொல்வதை உங்கள் சொல் நீக்கச் சொல்கிறது! தவிர, வேலையில் பாதி நீக்கமே இல்லை. கண்ணுக்குக் கீழே விழும் நிழலைக் கொஞ்சம் வெளிறச் செய்வதும், கன்னத்தின் ஓரத்தை இருட்டாக்குவதும் எதில் சேரும்? ‘புனை’ என்றால் இன்று கற்பனைக் கதை.

‘நகாசு’ எப்படி? பொற்கொல்லர் சொல். நுணுக்கம் உள்ளே இருக்கிறது.

---

நகாசு அரபு வழி வந்தது. கடுமையாக மறுக்கிறேன்.

---

அரபானால் என்ன, ஊரில் எல்லோருக்கும் புரிகிறதே. எனக்குள்ள மறுப்பு வேறு: நகாசு புதிதாக வேலைப்பாட்டைச் சேர்ப்பது. முகத்தில் எதையும் சேர்க்கக்கூடாது.

எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கப் பார்க்கிறோம், சிக்கல் அங்கேதான். பிரான்சில் 2017 அக்டோபர் முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடலை மென்பொருளால் மெலிய வைத்தாலோ பருமனாக்கினாலோ படத்தோடு அதைச் சொல்லியாக வேண்டும். பருவை எடுத்ததற்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வேறுபாடு மாணவருக்குச் சொல்லிலேயே தெரிய வேண்டும். ஆளை ஆளாக விட்டுச் சீர்செய்வது ‘செப்பம்’. தாடையைக் குறுக்குவதும் கண்ணைப் பெரிதாக்குவதும் ‘உருமாற்றம்’. பாடத்தலைப்பு ‘முகப்படச் செப்பம்’.

---

செப்பத்துக்கு என் வாக்கு. சாலையைச் செப்பனிடுவது நினைவுக்கு வந்தாலும் பரவாயில்லை.

---

எனக்கும் சரி. நேரமில்லை.

---

நன்றி. ‘முகப்படச் செப்பம்’ என்று அனுப்புகிறேன். பாடத்துக்குள் முதல் முறை வரும்போது ‘ஸ்டுடியோக்களில் டச்சிங் எனப்படும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

அப்புறம், தோலின் இழைநயத்தையும் (துளை, சொரசொரப்பு போன்ற நுணுக்கம்) நிறத்தையும் தனித்தனி அடுக்காகப் பிரிக்கும் ‘ஃப்ரீக்வென்சி செப்பரேஷன்’ மிச்சம் இருக்கிறது. ‘அலைவெண் பிரிப்பு’ என்றால் இயற்பியல் வகுப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

---

அந்த ஒரு வரி போதும் அம்மா. பையன்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மற்றதற்கு ‘அடுக்குப் பிரிப்பு’ என்று போடுங்கள், எங்களுக்குப் புரியும்.

---

‘செப்பம் உடையவன்’ என்ற குறளில் (112) செப்பம் நடுவுநிலைமை. அந்தச் சொல்லை மென்பொருள் தூரிகைக்குக் கொடுக்க எனக்கு ஒப்பவில்லை. மறுநீக்கத்தில் மச்சம் இடிக்கிறது என்றால் ‘மாசுநீக்கம்’ என்று வையுங்கள். மச்சம் மாசு ஆகாது.