சூடான எஞ்சின் உடனே கிளம்பாதது ஏன்?

கேள்வி: எல்-ஜெட்ரானிக் (மின்னணு முறையில் பெட்ரோல் தெளிக்கும் அமைப்பு) பொருத்திய என் பழைய கார் காலையில் உடனே கிளம்பினாலும், ஓடி நிறுத்திய கால் மணி நேரத்தில் பெட்ரோல் நெடியுடன் திணறுகிறது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப உணரியின் மின்தடையை அளந்து பாருங்கள். 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம் காட்டுவது 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்காவிட்டால், எஞ்சின் குளிர்ந்திருப்பதாகவே கருதி ஈசியு (எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி) கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும்.

மற்றொருவர்: உணரி சரியென்றால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டரைக் கழற்றிப் பாருங்கள். என் காரில், பல வாரங்கள் வீணாக அலைந்த பிறகு, அதன் முனையில்தான் ஒரு சொட்டு பெட்ரோல் கசிந்து திரண்டு நின்றது.

கேட்டவர்: உணரியின் கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, சுரண்டித் துடைத்ததும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.