மைக்ரேஷனை (டேட்டாபேஸ் அமைப்பை மாத்துற ஸ்கிரிப்ட்) கன்டெய்னர் ஸ்டார்ட் ஆகும்போதே ஓட்டலாமா?

ஓலைச்சுவடி:
எங்க வெப் ஆப் குபர்நெட்டிஸ்ல (கன்டெய்னர்களை நிர்வகிக்கிற சிஸ்டம்) 3 பாட்டா, அதாவது 3 பிரதியா ஓடுது. ஃப்ரேம்வொர்க் ஜாங்கோ, டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். கன்டெய்னர் தொடங்கும்போது ஓடுற என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்ட்ல முதல் வரி மைக்ரேட், அடுத்த வரி வெப் சர்வரான கூனிகார்ன். இது தப்புன்னு பல பேர் சொல்றாங்க, ஏன்னு தான் புரியல. எந்த இமேஜ் (பேக் பண்ண கோடு) ஏறினாலும் அதுக்கான ஸ்கீமா (டேபிள் அமைப்பு) கூடவே வந்துடும். தனி ஸ்டெப்பா வச்சா, அவசரத்துல அதை விட்டுட்டு டிப்ளாய் பண்ணிடுவாங்க.

தறி:
3 பாட்டும் ஒரே நேரத்துல மைக்ரேட்டை ஓட்டுமே? ரெயில்ஸ் (ஜாங்கோ மாதிரி இன்னொரு ஃப்ரேம்வொர்க்) போஸ்ட்கிரஸ்ல அட்வைசரி லாக் (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் ஓட்ட விடற பூட்டு) எடுத்துட்டு தான் தொடங்கும். ஜாங்கோ எந்த லாக்கும் எடுக்காது.

ஓலைச்சுவடி:
ஓட்டாது. ரோலிங் அப்டேட்ல (பழைய பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துறது) டீஃபால்ட் 25%, அவ்வளவு கூடுதலா எழலாம், அவ்வளவு பழசு குறையலாம். 3 பாட்னா புதுசு ஒவ்வொண்ணா தான் வரும். மைக்ரேஷன் ஃபெயில் ஆனா அந்தப் பாட் ரெடி ஆகாது, பழசு மூணும் ஓடிக்கிட்டே இருக்கும்.

தறி:
3 பாட்டுக்கு நீங்க சொல்றது சரி, ஒத்துக்கிறேன். 10 பாட் ஆனா அதே 25% கணக்குல 5 புதுப் பாட் வரைக்கும் ஒண்ணா எழும்.

அதை விடப் பெரிய ஆபத்து லைவ்னஸ் ப்ரோப், அதாவது கன்டெய்னர் உயிரோட இருக்கான்னு பார்க்கிற சோதனை. 10 வினாடிக்கு ஒரு தடவை, 3 தடவை தோத்தா கன்டெய்னரைக் கொன்னுடும், இதுதான் டீஃபால்ட். மைக்ரேட் முடியாம கூனிகார்ன் போர்ட்டைத் திறக்காது. பெரிய டேபிள்ல இன்டெக்ஸ் போட அரை நிமிஷம் பத்தாது. கன்டெய்னர் செத்தாலும் போஸ்ட்கிரஸ் பக்கம் அந்த க்வெரி நிக்காது, டேபிள்ல எழுத விடாம ஓடிக்கிட்டே இருக்கும். கமிட் வராததால கடைசியில எல்லாம் ரோல்பேக். அதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆன கன்டெய்னர் அதே இன்டெக்ஸை மறுபடி முதல்ல இருந்து தொடங்கியிருக்கும்.

இன்டெக்ஸை கன்கரன்ட்லி ஆப்ஷனோட போட்டா எழுதறது தடைபடாது. ஆனா அது பாதியில நின்னா இன்வாலிட் இன்டெக்ஸ் தங்கிடும், நீங்க தான் டிராப் பண்ணணும்.

ஓலைச்சுவடி:
அதுக்குத்தான் ஸ்டார்ட்டப் ப்ரோப் இருக்கே, அது பாஸ் ஆகுற வரைக்கும் லைவ்னஸ் தொடங்காது. 10 வினாடி, 60 தடவைன்னு வச்சா 10 நிமிஷம் கிடைக்கும். பாட் எண்ணிக்கைதான் கவலைன்னா மைக்ரேட்டைச் சுத்தி ஒரு அட்வைசரி லாக் போட்டுடலாம். மைக்ரேட்டை ஹெல்ம் (டிப்ளாய் பண்ற டூல்) ஹூக்ல தனி ஜாப்பா வச்சா மட்டும் தப்பிச்சுடுவீங்களா? அங்கயும் டீஃபால்ட் டைம்அவுட் 5 நிமிஷம் தான்.

தறி:
டைம்அவுட்டை கட்டாயம் ஏத்தணும், அது நியாயம். ஆனா அட்வைசரி லாக் விஷயத்துல கவனம். பிஜிபவுன்சர் (டேட்டாபேஸ் கனெக்ஷன்களைப் பகிர்ந்து தர்ற டூல்) டிரான்சாக்ஷன் மோட்ல இருந்தா செஷன் லாக்கை நம்ப முடியாது. லாக் ஒரு கனெக்ஷன்ல, அடுத்த க்வெரி வேற கனெக்ஷன்ல போயிடும். மைக்ரேஷன் பிஜிபவுன்சரோட 6432 போர்ட் வழியா போகக் கூடாது, நேரா போஸ்ட்கிரஸோட 5432.

தனி ஜாப்னா டேபிளை மாத்துற உரிமையும் அந்த ஜாப்போட யூசருக்கு மட்டும் போதும். என்ட்ரிபாயின்ட்ல ஓட்டினா வெப் ஆப் கையிலயே டிராப் டேபிள் உரிமை இருக்கும். எனக்கு இதுதான் முக்கியக் காரணம்.

மணல்வீடு:
ரெண்டு பேரும் எங்க ஓட்டுறதுன்னு பேசுறீங்க. பழைய கோடு ஓடும்போதே ஸ்கீமா மாறிடுதே, அது ரெண்டு வழியிலயும் இருக்கு. ஜாங்கோவுல டீஃபால்ட் கொடுத்து ஒரு நாட் நல் காலம் (காலியா விட முடியாத டேபிள் நெடுவரிசை) சேர்த்துப் பாருங்க. காலத்தைச் சேர்த்ததும் டேட்டாபேஸ்ல இருந்து அந்த டீஃபால்ட்டை அதுவே எடுத்துடும். பழைய பாட்டுக்கு அந்தக் காலமே தெரியாது, அதனால அது போடுற ஒவ்வொரு இன்சர்ட்டும் எரர். ஜாங்கோ 5.0ல வந்த டிபி_டீஃபால்ட் போட்டா டீஃபால்ட் டேட்டாபேஸ்லயே தங்கும். காலத்தை நீக்கணும்னா ரெண்டு டிப்ளாய்: முதல்ல கோடு அதைத் தொடாம இருக்கணும், அடுத்ததுல டிராப்.

ஓலைச்சுவடி:
டீஃபால்ட்டை எடுத்துடும்ங்கறதை நான் கணக்குல எடுக்கல. ஆனாலும் ஒரே பாட் ஓடுற சின்ன ஆப்புக்கு என்ட்ரிபாயின்ட் போதும்னு தான் இன்னும் சொல்வேன்.

தறி:
அங்கயும் லாக் டைம்அவுட் (பூட்டுக்குக் காத்திருக்கிற உச்ச நேரம்) 5 வினாடி வச்சுடுங்க, பிஜிஆப்ஷன்ஸ் என்விரான்மென்ட் வேரியபிள்லயே கொடுக்கலாம். இல்லன்னா ஒரு நீளமான செலக்ட் பின்னாடி ஆல்டர் டேபிள் காத்து நிக்கும். அதுக்குப் பின்னாடி வர்ற சாதாரண செலக்ட் கூட நகராது.