'சகப்பிணைப்பு'க்கு வேறு சொல் உண்டா? வெள்ளிக்குள் வேண்டும்

காரைக்குடி, வேதியியல் ஆசிரியை:
வணக்கம். வகுப்புக் குறிப்பு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நம் பாடநூலில் 'சகப்பிணைப்பு'. நேற்று ஒரு பையன், "சக மாணவன்னா கூடப் படிக்கிறவன். அப்ப சக பிணைப்புன்னா கூட இருக்கிற இன்னொரு பிணைப்பு எது டீச்சர்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பொதுவில் வைத்துக்கொள்வதை அந்தச் சொல் காட்டவே இல்லை.

தேவகோட்டை, தமிழாசிரியர் (ஓய்வு):
'சக' வடசொல். சகோதரன் என்றால் ஒரே உதரத்தில் பிறந்தவன். அதற்கு நேர் நம் 'உடன்பிறப்பு'. ஆகவே 'உடன்பிணைப்பு'. உடன், உடல், உடை எல்லாமே ஒட்டி நிற்பவைதான் என்பது என் கட்சி. தனியாக எழுதுகிறேன்.

பள்ளத்தூர்:
நான் கண்டியில் படித்தவன். அங்கே 'பங்கீட்டு வலுப்பிணைப்பு'. இணைதிறனை, அதாவது ஓர் அணு எத்தனை பிணைப்பு வைத்துக்கொள்ளும் என்பதை, 'வலுவளவு' என்போம். 1919இல் வேதியியலாளர் லாங்மியூர் இந்தப் பிணைப்புக்கு 'கோவேலன்ஸ்' என்று பெயர் வைத்தாரே, அதன் லத்தீன் வேரும் வலிமைதான்.

கானாடுகாத்தான்:
பங்கீடா? அண்ணே, எங்கள் பக்கம் பங்கு என்றால் கோர்ட்டு. பங்கு பிரித்தால் ஆளுக்கொன்றாகப் போய்விடும். இங்கே எதுவும் பிரியவில்லையே! எங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டைப் பாருங்கள்: புள்ளிக்கொரு (கல்யாணமான ஜோடிக்கொரு) அறை, புள்ளிக்கொரு அடுப்பு, முற்றம் மட்டும் பொது. 1916இல் வேதியியலாளர் லூயிஸும் எலக்ட்ரானைப் புள்ளியாகத்தான் வைத்தார். நமக்கு ஒரு ஜோடி ஒரு புள்ளி. அவருக்கு இரண்டு புள்ளி ஒரு ஜோடி. 'வளவுப் பிணைப்பு' என்போமா? வலுவளவிலேயே வளவு இருக்கிறது!

தேவகோட்டை:
வலு + அளவு. இடையில் வந்தது உடம்படுமெய். விளையாட்டு வேண்டாம்.

காரைக்குடி:
ஐயா, அண்ணன், இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சகப்பிணைப்புள்ள பல பொருட்களுக்கு 'உருகுநிலை குறைவு' என்று படித்ததும் பிள்ளைகள் 'பிணைப்பு பலவீனம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆச்சி டிரங்குப் பெட்டியில் கண்டாங்கிக்கு நடுவே போட்ட பாச்சா உருண்டை ஆறு மாதத்தில் மிளகளவு ஆகிவிடுகிறது. அது 80 டிகிரியிலேயே உருகும். உப்புக்கோ 801 வேண்டும். ஆனால் உருண்டையிலிருந்து முழு மூலக்கூறுதான் வெளியேறுகிறது. உள்ளே கார்பனும் கார்பனும் பிடித்த பிடி அப்படியே இருக்கிறது. விட்டுப்போனது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு. அதே ஆச்சி காதில் இருக்கும் வைரத்தோட்டில் கல் முழுக்க இந்தப் பிணைப்புதான். அது எங்கே உருகுகிறது? அதனால் எந்தச் சொல் வந்தாலும் 'ஈர்ப்பு' வேறு, 'பிணைப்பு' வேறு என்று நிற்க வேண்டும்.

பள்ளத்தூர்:
அப்படியானால் 'வலு' இருக்கட்டும் என்பேன். சரி, தேர்வுத்தாளில் என்ன வருமோ அதையே போடுங்கள்.

கானாடுகாத்தான்:
சரி. அடைப்புக்குறிக்குள் 'பொது முற்றம்' என்றாவது போடுங்கள், தங்கச்சி.

காரைக்குடி:
'சகப்பிணைப்பு' என்றே அனுப்பிவிட்டேன். முற்றம் படமாகப் போகிறது.

தேவகோட்டை:
போகட்டும். 'சக பயணி'யில் மிகாத ப், 'சகப்பிணைப்பில்' மட்டும் எந்த விதிப்படி மிகுந்தது? யாராவது சொல்லுங்கள்.